நாய்க்கு மட்டும் ஏன் இத்தனை உருவம்?

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் பின்னால் போன மார்கழியில் ஒரு பெட்டை நாய் ஐந்து குட்டி போட்டது. இரண்டு செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் கறுப்புத் திட்டு. கடைசிக் குட்டியின் நிறத்தைச் சாம்பல் என்றும் சொல்ல முடியாது, மண் என்றும் சொல்ல முடியாது. குட்டிகள் கண் திறந்த கையோடு தெருப் பிள்ளைகள் பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவனுக்குக் கொழுத்த கடுவன் குட்டிதான் வேண்டும். ஒரு சிறுமிக்குக் காது மடிந்த குட்டி. மண் நிறக் குட்டியை யாரும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். மடிந்த காதுக் குட்டியை எடுத்துப்போன சிறுமி, அது வளர்ந்ததும் காது மடிந்த இன்னொரு நாயோடு மட்டும் இணை சேர்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறக்கிற குட்டிகளில் காது நன்றாகத் தொங்குவதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாள். பின்னாளில் அவள் மகளும் பேத்தியும் அதையே செய்கிறார்கள். இருபது முப்பது தலைமுறை நாய்கள் கழிந்தால், அந்த வீட்டில் நிமிர்ந்த காதோடு குட்டி பிறப்பதே அபூர்வமாகிவிடும்.

தேர்ந்தெடுத்த இனப்பெருக்கம், செயற்கைத் தேர்வு என்றெல்லாம் பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். நம் விவசாயிகள் இதற்குப் பெயர் வைக்காமலே செய்துவந்தார்கள். நல்ல கதிராகப் பார்த்து விதைநெல்லுக்கு ஒதுக்குவதும், வாகான கன்றைப் பொலிகாளையாக வளர்ப்பதும் இதே வேலை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுமி மடிந்த காதை உண்டாக்கவில்லை. அது அந்த ஈற்றிலேயே இருந்தது. எது அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்பதை மட்டும்தான் அவள் முடிவு செய்தாள். நாய் இனங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான். சிவாவா என்ற மிகச் சிறிய நாயை மனிதன் ‘செய்தான்’ என்பார்கள். அவன் செய்தது பொறுக்கியெடுத்தது மட்டும்.

பொறுக்கியே இவ்வளவு தூரம் வந்துவிட முடியுமா என்று கேட்கத் தோன்றும். சிவாவா மூன்று கிலோவைத் தாண்டினாலே பெரியது. மாஸ்டிஃப் கடுவன் 70 கிலோவுக்கு மேல் போகும், சில நாய்கள் 100 கிலோவையும் தொடும். தரையில் வாழும் முதுகெலும்புள்ள உயிரினங்களில், ஒரே சிற்றினத்துக்குள் உடல் அளவில் இத்தனை வேறுபாடு வேறு எதிலும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே விலங்குதான். இரண்டுக்கும் 39 ஜோடி குரோமோசோம்கள், அவற்றின் மூதாதையான ஓநாய்க்கும் அதே 39. உயிரியலில் சிங்கமும் புலியும் வேறு வேறு சிற்றினம். சிவாவாவும் மாஸ்டிஃபும் அப்படியல்ல. நெல்லில் சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் போல ஒன்றின் இரு ரகங்கள். நாய் இனம் என்று நாம் சொல்வது இந்த ரகத்தைத்தான்.

ஓநாயிலிருந்து நாய் பிரிந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜெர்மனியில் ஓபர்காசல் என்ற இடத்தில் ஓர் ஆணோடும் பெண்ணோடும் சேர்த்துப் புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். ஆனால் இன்று பெயர் சொல்லி விற்கப்படும் இனங்களில் பெரும்பாலானவை தம் உருவத்தைப் பெற்றது கடைசி 200 ஆண்டுகளில்தான். இடைப்பட்ட நெடுங்காலத்தில் மனிதர்கள் நாயின் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அது செய்யும் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வேலைக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஓநாய் வேட்டையாடும்போது அதன் செயல்கள் ஒரு வரிசையில் வரும். மோப்பம் பிடித்துத் தேடும், கண்ணை நிலைகுத்திப் பார்க்கும், பதுங்கி நகரும், துரத்தும், கவ்வும், கடித்துக் கொல்லும், கிழித்துத் தின்னும். மனிதன் இந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு நாயிடம் ஒப்படைத்தான். ஆட்டுமந்தையை மடக்கும் பார்டர் கோலியைப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல், பூனை போலப் பதுங்கி வரும். ஆடு மிரண்டு மந்தையோடு சேர்ந்துகொள்ளும். பதுங்குவதும் துரத்துவதும் அதனிடம் மிகையாக இருக்கின்றன, கடித்துக் கொல்வது மட்டும் அடங்கிப்போயிருக்கிறது. பாய்ண்டர் பறவையை மோப்பம் பிடித்ததும் ஒரு காலைத் தூக்கிச் சிலைபோல நின்றுவிடும், வேட்டைக்காரருக்கு அது போதும். ரிட்ரீவர் சுட்டு விழுந்த வாத்தைப் பல் பதியாமல் கவ்விக் கொண்டுவரும். மூன்றும் ஒரே ஓநாயின் பாகங்கள்.

வேலை ஒன்றானால் உருவமும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. கரிசல் காட்டில் முயல் விரட்டிய நம் சிப்பிப்பாறை நாயை இங்கிலாந்தின் விப்பெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், விவரம் தெரியாதவர்கள் அண்ணன் தம்பி என்பார்கள். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், ஒடுங்கிய முகம். கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்க வேண்டிய நாய்க்கு வேறு வடிவம் ஒத்துவராது.

பிறகு வேலையின் இடத்துக்கு அழகு வந்தது. காளையின் மீது நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் விளையாட்டை இங்கிலாந்து 1835-ல் தடை செய்தது. அதற்கென்றே வளர்க்கப்பட்ட புல்டாக்குக்கு வேலை போயிற்று. 1859-ல் நியூகாசில் நகரில் பாய்ண்டர், செட்டர் என்ற இரண்டு வகை வேட்டை நாய்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி நடந்தது. நாய்க் கண்காட்சிகளின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் சங்கம் உருவானது. இன்ன இனத்துக்கு மூக்கு இப்படி, வால் இப்படி, நிறம் இப்படி என்று இலக்கணம் எழுதப்பட்டது. வம்சாவளிப் பதிவேடு திறக்கப்பட்டது, கொஞ்ச காலத்தில் அது மூடியும் வைக்கப்பட்டது. பதிவான தாய்க்கும் பதிவான தந்தைக்கும் பிறந்தால்தான் அந்த இனம். வெளியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் உள்ளே வரக்கூடாது.

இந்த வேலி இல்லாவிட்டால் இனங்களே நிற்காது. தெருவில் நாய்கள் தம் இஷ்டத்துக்கு இணைசேர்ந்தால் சில தலைமுறைகளிலேயே நடுத்தர உயரம், குட்டை முடி, செவலை நிறம் என்று வந்து நிற்கும். மதுரையிலானாலும் மெக்சிகோவிலானாலும் ஊர் நாய்களுக்குள் அந்தச் சாயல் பொதுவாக இருக்கிறது. வேலி போட்டுக்கொண்டே போனதில் இன்று உலக அளவில் அங்கீகாரம் பெற்ற இனங்களின் எண்ணிக்கை 350-ஐத் தாண்டிவிட்டது.

இனங்கள் இத்தனை வேகமாகப் பிரிந்ததற்கு இன்னொரு காரணம் எளிய கணக்கு. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். ஒன்றரை, இரண்டு வயதில் அடுத்த தலைமுறை வந்துவிடும். மனிதரில் நூறு ஆண்டு என்பது நான்கு தலைமுறை, நாயில் ஐம்பது. ஒவ்வொரு ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள் கிடைப்பதால், பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை விட்டுவிடவும் முடிகிறது. ஒரு கன்று மட்டுமே ஈனும் மாட்டில் இந்த வசதி கிடையாது.

வேலியும் வேகமும் மட்டும் போதாது. மரபணுவுக்குள் போனால்தான் முழு விடை கிடைக்கும், அங்கே ஓர் ஆச்சரியமும் காத்திருக்கிறது.

டாஷ்ஹண்ட் நாயை எடுத்துக்கொள்வோம். தொத்திறைச்சி மாதிரி நீண்ட உடல், அதன் அடியில் நான்கு கட்டைக் கால்கள். ‘டாக்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கு, ‘ஹண்ட்’ என்றால் நாய். வளைக்குள் புகுந்து பேட்ஜரை எதிர்கொள்ள அந்த உயரம்தான் வசதி. இத்தனை நூதனமான உடம்புக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு. எலும்பு வளர்ச்சியில் பங்குள்ள ஒரு மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று, தவறுதலாக டிஎன்ஏவில் வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை நகலெடுத்து வேறு அத்தியாயத்தில் சொருகியது போல. அந்தக் கூடுதல் நகல் கால் எலும்புகளின் வளர்ச்சியைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறது. அதைவிட வியப்பானது, வேல்ஸ் நாட்டின் கோர்கி, பிரான்ஸின் பாசெட் உட்பட 19 கட்டைக்கால் இனங்களிலும் அதே நகல், அதே இடத்தில் இருந்ததுதான். இந்த இனங்கள் பிரிவதற்கு முன்பே ஏதோ ஒரு நாயில் ஒரே ஒரு முறை நடந்த விபத்து அது. அதன் வழி வந்த குட்டைக் குட்டிகளை ஊருக்கு ஊர் எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

மற்ற குணங்களும் பெரும்பாலும் இப்படித்தான். நீள முடியா, சுருட்டையா, மீசையும் புருவமுமா என்ற வேறுபாட்டில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் முடிவு செய்கின்றன. உடல் அளவில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு ஒன்றே பெரும் பங்கு வகிக்கிறது. அதன் ‘சிறிய’ வடிவம் பொமரேனியனிலும் சிவாவாவிலும் சர்வ சாதாரணம். இந்த வடிவம் மனிதன் நாய் வளர்த்ததற்குப் பின் வந்தது என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகு பார்த்தால், 54,000 ஆண்டு பழைய சைபீரிய ஓநாய் ஒன்றின் டிஎன்ஏவிலும் அது இருந்தது. நரிகளிடமும் இருக்கிறது. மண் நிறக் குட்டியைப் போல, கேட்பாரற்று அங்கேயே கிடந்திருக்கிறது.

மனிதரின் உயரத்தோடு இதை ஒப்பிட்டால்தான் வித்தியாசம் உறைக்கும். நம் உயரத்தை 12,000-க்கும் மேற்பட்ட மரபு மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக, சில்லறை சில்லறையாகத் தீர்மானிக்கின்றன. நாயில் இருபது முப்பது பெரிய நோட்டுகளில் கணக்கு முடிந்துவிடுகிறது. காரணம் நாயின் டிஎன்ஏ வேறு மாதிரியானது என்பதல்ல. ஒரேயடியாகக் காலைக் குட்டையாக்கும் மாற்றம் காட்டு ஓநாயில் எப்போதாவது தோன்றினாலும் அந்த ஓநாய் மானைத் துரத்த முடியாமல் பட்டினியில் சாகும், மாற்றமும் அதோடு போகும். மனிதன் சோறு போடும் முற்றத்தில் அதே குட்டி பிழைத்துக்கொள்ளும். விநோதமாக இருக்கிறதே என்று அதைத் தனியாக எடுத்து வைத்தும் விடுவான். இயற்கை கழித்துக் கட்டுவதை மனிதன் கட்டி வைத்துக்கொண்டான்.

டார்வின் இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்திருந்தார். நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859-ல் வெளியான தன் நூலில், கிரேஹவுண்ட், புல்டாக் ஆகிய இரண்டின் ஆறு நாள் குட்டிகளை அளந்து பார்த்ததாக எழுதுகிறார். வளர்ந்த நாய்களுக்குள் இருக்கும் வித்தியாசம் குட்டிகளிடம் அந்த அளவுக்கு இல்லை. எந்த எலும்பு எவ்வளவு காலம், எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்பதில்தான் இனங்கள் பிரிகின்றன. டாஷ்ஹண்டின் கால் குட்டையாகத் தொடங்குவதில்லை, சீக்கிரம் நின்றுவிடுகிறது.

தேர்வின் கணக்கு எங்கே முரண்டு பிடிக்கும் என்பதற்கு விப்பெட் நல்ல உதாரணம். ‘தசை இவ்வளவு போதும்’ என்று உடலுக்குச் சொல்லும் மயோஸ்டாட்டின் என்ற புரதம் உண்டு. சில விப்பெட்டுகளில் இதன் மரபணு பழுதாகியிருப்பது 2007-ல் கண்டறியப்பட்டது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இரண்டும் நன்றாக இருந்தால் சாதாரண விப்பெட். ஒன்று பழுதானால் தசை கொஞ்சம் கூடும், பந்தயத்தில் முந்தும் நாய்களில் இவை அதிகம். இரண்டும் பழுதானால்? கழுத்தும் தொடையும் புடைத்து, குஸ்தி பயில்வானின் உடம்பில் விப்பெட் தலையை வைத்தது போன்ற ஒரு நாய். அதைக் கொண்டு பந்தயம் ஓட முடியாது.

இப்போது வளர்ப்பவர் என்ன செய்வார்? மிக வேகமான கடுவனையும் மிக வேகமான பெட்டையையும் இணை சேர்ப்பார். இருவரிடமும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுது. இரண்டு காசைச் சுண்டிவிடுவது போலத்தான். சராசரியாக நான்கு குட்டியில் ஒன்று சாதாரணம், இரண்டு வேகம், ஒன்று பயில்வான். அந்த இரண்டு வேகக் குட்டிகளை மறுபடி இணை சேர்த்தாலும் அதே கணக்கு. எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் எல்லாக் குட்டிகளும் வேகமாகப் பிறக்கும் இனத்தை இந்த மரபணுவைக் கொண்டு உருவாக்க முடியாது. வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் தமக்குத் தெரியாமல் பயில்வானையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டது ஒன்று, கூடவே வந்தது இன்னொன்று என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. ராஜபாளையம் நாயின் தூய வெள்ளை நிறமும் ரோஜா நிற மூக்கும் அதன் பெருமை, 2005-ல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையும் வெளியிட்டது. ஆனால் இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்களுக்கு உட்காதிலும் ஒரு வேலை இருக்கிறது. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் நுண்ணணுக்கள் மடிந்துவிடும். வெள்ளையை வெள்ளைக்காகவே விரும்பித் தேர்ந்தெடுத்ததற்கு இப்படி ஒரு விலை. டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டு நோய். புல்டாக்குக்கோ விலை இன்னும் அதிகம். தலை பெரியது, இடுப்பு ஒடுங்கியது. பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்கில், புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் வயிற்றைக் கீறித்தான் குட்டிகளை எடுத்திருந்தார்கள். நம் ஊரில் ஒரு கைப்பேசி விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பக் நாய்க்கும் மூக்குதான் பிரச்சினை. நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்ளும். மூக்கையே முகத்துக்குள் அழுத்திவிட்டு, அதைச் சென்னையின் சித்திரை வெயிலில் நடத்திக்கொண்டு போவது என்னைப் பொறுத்தவரை அன்பின் கணக்கில் வராது.

உருவத்தை வைத்துக் குணத்தையும் கணித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. காலின் நீளத்தை ஒரு மரபணு முடிவு செய்துவிடும். சாதுவா, முரடா என்பது அப்படி அடங்குவதில்லை.

சரி, வேலிக்குள்ளே ஒரு குறை எல்லா நாய்களிடமும் பரவிவிட்டால் என்ன செய்வது? டால்மேஷனுக்கு அதுதான் நேர்ந்தது. உடம்பெங்கும் கரும்புள்ளி கொண்ட இந்த நாயின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிக அதிகம், அதனால் கல் அடைப்பு வரும். பதிவேட்டில் இருந்த டால்மேஷன் அத்தனையிலும் இதற்குக் காரணமான மரபணு பழுதாகவே இருந்தது. பொறுக்கியெடுக்க உள்ளே ஒரு நல்ல பிரதிகூட மிச்சமில்லை. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷனைப் பாய்ண்டரோடு இணை சேர்த்தார். பிறந்தவற்றைத் திரும்பவும் டால்மேஷனோடு, அவற்றின் குட்டிகளையும் டால்மேஷனோடு என்று தலைமுறைதோறும் தொடர்ந்தார். ஒவ்வொரு முறையும் பாய்ண்டரின் பங்கு பாதியாகக் குறையும். பத்து தடவையில் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அந்த ஒரு நல்ல மரபணுவை மட்டும் நழுவவிடாமல் பிடித்துவர வேண்டும். அமெரிக்க கென்னல் கிளப் 1981-ல் இந்த வழியில் வந்த இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷன் வளர்ப்பவர்கள் கலப்பு என்று எதிர்க்கவே பதிவை நிறுத்திக்கொண்டது. 2011-ல்தான் கதவு மறுபடி திறந்தது. அதுவரை அந்த வரிசையைக் காப்பாற்றி வந்த சிலர் ஒவ்வொரு ஈற்றிலும் புள்ளியை எண்ணுவதற்கு முன் குட்டிகளின் சிறுநீரைப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.